ஏழு பேர், ஆறு மாதம், எட்டு வீதம்

தொழிற்சங்க வேலையில் இறங்க நினைக்கும் இளம் பிள்ளைகள் சிலர் கிளிநொச்சியில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். சட்டத்தில் இருப்பதைச் சொன்னால் கொப்பியில் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் அறிய விரும்புவது வேலை போனால் என்ன ஆகும், வீட்டில் என்ன சொல்வார்கள், கையில் இருந்து எவ்வளவு காசு கரையும் என்பதைத்தான். என் காலத்தில் இதைச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. பொருளியல் பட்டம் சுவரில் தொங்க, என் சொந்தச் சம்பளத்துக்காக இரண்டு வருடம் அலைந்தேன். அந்தக் கதையை ஒருமுறை முழுதாக எழுதி வைத்தால் இனி வருபவர்களிடம் இதையே கொடுத்துவிடலாம்.

எங்கள் குடும்பம் மலையகத்தில் இருந்து வந்தது. 1977 கலவரத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டு வெளியேறி, வவுனியாவில் சில காலம் ஒதுங்கியிருந்து, பிறகு கிளிநொச்சி பாரதிபுரத்தில் பற்றைக் காடு வெட்டிக் குடியேறினார்கள். தாத்தா தோட்டத்தில் சங்கத் தலைவராக இருந்தவர். அப்பாயி சொல்லும் கதைகளில் ராஜா, ராணி வரமாட்டார்கள், நடேசய்யர் வருவார். தஞ்சாவூரில் வணிகக் கல்வி கற்பித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் புடவை வியாபாரி போலத் தோட்டத்துக்குள் நுழைந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களைப் பார்த்ததையும், 1931 இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று சம்மேளனம் அமைத்ததையும், அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடியதையும் அப்பாயி தன் தாயிடம் கேட்டு வைத்திருந்தார். கணக்குத் தெரிந்த ஆள் கூலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் துரைமாருக்கு வயிற்றைக் கலக்கும் என்பார். நான் பொருளியல் படிக்கப் போனதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். ஆனால் வன்னிக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சங்கத்தில் சேர்ந்ததில்லை. காணி, கிணறு, பிறகு போர், பிறகு மீள்குடியேற்றம் என்று காலம் போய்விட்டது. சங்கம் என்றால் அது ஆசிரியர்மாருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் உரியது என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபின் கூலி நிலவரம் பற்றிய ஆய்வொன்றில் கள உத்தியோகத்தராக வேலை கிடைத்தது. பரந்தன், தருமபுரம், விசுவமடு என்று மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போவேன். வேலை கொடுப்பவர் ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும் சந்தையில் கூலி எப்படிக் கீழே அழுத்தப்படும் என்பதை 1933 இல் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் விளக்கியிருந்ததைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். விசுவமடுவில் அது எனக்கு முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தது. காலை ஐந்து மணிக்குக் கம்பனி பஸ் வரும். அந்த பஸ் எட்டும் தூரத்தில் வேறு வேலை கிடையாது. பஸ்ஸை விட்டால் தோட்டக் கூலி, அதுவும் வெங்காயம் நடும் காலத்திலும் கச்சான் பிடுங்கும் காலத்திலும் மட்டும்.

அந்த ஆய்வில் நான் கற்றது வேறொன்று. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் பெண்கள் சொல்லும் தொகை சம்பளச் சீட்டில் இருக்கும் தொகையோடு ஒருபோதும் பொருந்தாது. நுண்கடன் தவணைகளைக் கழித்து மிஞ்சுவதைத்தான் அவர்கள் சம்பளம் என்று சொன்னார்கள். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களை ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் அரசாங்கம் தள்ளுபடி செய்தது உண்மைதான். அதன் பிறகும் பலர் புதுக் கடன் எடுத்திருந்தார்கள். எனவே ஓர் ஊரில் சங்கக் கூட்டம் வைக்க நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது தவணைக் காசு சேர்க்க ஆள் வரும் நாள் எது என்பதே. அந்த நாளில் கூட்டம் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். வேலைநிறுத்தம் என்ற சொல்லை எடுக்கும் முன், எதிரில் இருப்பவர் இரண்டு கிழமை சம்பளம் இல்லாமல் தாக்குப்பிடிப்பாரா என்று பாருங்கள். பலரால் ஒரு கிழமையே முடியாது. அதைக் கோழைத்தனம் என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சேர்த்தியில்லை.

ஆய்வுக்கான நிதி முடிந்ததும் வேலையும் முடிந்தது. ஏ9 வீதியை அண்டிய ஒரு தனியார் நிறுவனத்தில் சம்பளப் பகுதி எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாதம் 32,000 ரூபாய். சம்பளச் சீட்டுகளை அச்சிட்டுக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. அரை உள்ளங்கை அகலத் தாள். மேலே பெயர், நடுவில் அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், கீழே கழிவுகள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 8 வீதம் என்று எல்லாருடைய சீட்டிலும் கழிக்கப்பட்டிருக்கும். ஒருநாள் அந்த நிதிக்காகத் திணைக்களத்துக்கு அனுப்பும் பட்டியலின் பிரதி என் மேசைக்கு வந்தது. சம்பளப் பட்டியலில் அறுபதுக்கு மேற்பட்ட பெயர்கள். அந்தத் தாளில் இருபத்து மூன்று. மற்றவர்களின் 8 வீதம் எங்கே போகிறது என்று கணக்காளரிடம் கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "மிஸ், உங்களுடைய பெயர் இருக்கிறதுதானே?" என்றார். என் பெயர் இருந்தது.

கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் 8 வீதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். ஊழியரின் 8 வீதத்தோடு முதலாளி தன் கையில் இருந்து 12 வீதம் போட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம், அதையும் முதலாளியே கட்ட வேண்டும். அதை ஊழியரிடம் பிடிக்க முடியாது. 30,000 ரூபாய் சம்பளம் என்றால் மாதம் 2,400, 3,600, 900. மொத்தம் 6,900 ரூபாய். ஒரு வருடத்தில் 82,800. தகுதிகாண் காலத்தில் இருப்பவர், நாட்கூலிக்காரர், தற்காலிகமானவர் என்று சொல்லி இதில் இருந்து யாரையும் விலக்க முடியாது. வேலைக்கு வந்த முதல் நாளில் இருந்தே கட்ட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பிந்திக் கட்டினால் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரைக்கும் மிகைக்கட்டணம் ஏறும். சீட்டில் கழித்திருக்கிறார்கள் என்பதால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லை என்றால் கணக்கும் இல்லை.

தையல் பகுதியில் இருந்த இரு பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் மூலம் மற்றவர்களுக்குப் போனது. தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின்படி சங்கம் ஒன்றைப் பதிய ஏழு பேர் போதும். ஏழு பேரைச் சேர்ப்பது பெரிய காரியமாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஏழு கையெழுத்துக்கும் பின்னால் ஏழு வீடுகள் இருந்தன. ஒருத்தியின் தாய் என் வீட்டுப் படலையில் நின்று, "எங்களுக்கு இன்னும் ஒரு பிரச்சினை வேண்டாம் பிள்ளை, பட்டது போதும்" என்று கும்பிட்டார். மகனை 2009 இல் தொலைத்தவர் அவர். கூட்டம் வைத்த சனசமூக நிலையத்துக்கு சிவில் உடையில் இருவர் வந்து என்ன கூட்டம் என்று விசாரித்துப் போனார்கள். சம்பளக் கணக்குப் பற்றியது என்று சொன்னேன், போய்விட்டார்கள். ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் கொண்டுவந்த திருத்தம் சொல்கிறது. தொழிலாளரில் 40 வீதத்தினர் அங்கத்தவராக இருந்தால் முதலாளி அந்தச் சங்கத்தை அங்கீகரித்துப் பேச வேண்டும். சட்டம் நல்ல சட்டம். ஆனால் வேலையை விட்டு நிறுத்தும்போது சங்கத்துக்காக நிறுத்துகிறேன் என்று எந்த முதலாளி சொல்வார்? வேலை குறைந்துவிட்டது என்பார்கள், பழக்கவழக்கம் சரியில்லை என்பார்கள். சங்கம் இருப்பது தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றும் சொல்வார்கள். எனவே சங்கம் அமைத்த கையோடு, பொறுப்பாளர்களின் பெயர்களோடு நிறுவனத்துக்கு ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ரகசியமாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று எல்லாரும் நினைப்பார்கள். வழக்கு என்று வந்தால் உங்களைக் காப்பாற்றப்போவது, அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு உங்களிடம் இருக்கும் அந்தப் பற்றுச்சீட்டுத்தான்.

2021 ஒக்டோபரில் மாலை நேரம் முகாமையாளர் கூப்பிட்டு, "நாளை முதல் வர வேண்டாம்" என்றார். கடிதம் கேட்டேன். கடிதமெல்லாம் எதற்கு, நாங்கள் பேசிக்கொள்ளலாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை, தேநீர்கூட வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கரடிப்போக்குச் சந்தியில் இறங்கி, என்ன வாங்க இறங்கினேன் என்று தெரியாமல் நின்றேன். அவமானமாக இருந்தது. படித்த பிள்ளை, கணக்கும் சட்டமும் பேசிய பிள்ளை, ஒரு தேநீரோடு அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு மூன்று நாள் சொல்லவில்லை.

வாய்மொழியாக நிறுத்தப்பட்டவர்களுக்கு இது முக்கியம். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வாசலுக்குப் போங்கள். உள்ளே விடாவிட்டால் திரும்பி வந்து, அன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதி, இன்ன நேரம், இன்னார் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னார், காரணத்தை எழுத்தில் தாருங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவர்கள் ஒரு கிழமை கழித்து, நீங்களே வேலையைக் கைவிட்டுப் போய்விட்டீர்கள் என்று கடிதம் எழுதுவார்கள். எனக்கு அப்படித்தான் எழுதினார்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு முதியவர் இருந்தார். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிய நாற்பதாயிரம் பேரில் ஒருவர். அரசாங்க எழுதுவினைஞராக இருந்து, பிறகு ஆயுள் முழுக்கப் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்தவர். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னதும், வாசலுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். கடைக்குள் தகரப் பெட்டி ஒன்றில் நாற்பது வருடப் பழைய தாள்களைக் கார்பன் பிரதிகளோடு வைத்திருந்தார். என்னையும் எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுக்கச் சொன்னார்: ஒன்று கொடுக்க, ஒன்று வைக்க, ஒன்று வேறு வீட்டில் வைக்க. வன்னிக்காரருக்கு அந்த மூன்றாவது பிரதியின் அருமையை விளக்கத் தேவையில்லை. 2009 இல் தாள்களைப் பொலித்தீனில் சுற்றித் தலையில் வைத்து நந்திக்கடலைக் கடந்தவர்கள் நாங்கள்.

நிறுவனம் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. தீபாவளி முடியட்டும் என்றார்கள். நத்தார் முடியட்டும் என்றார்கள். தைப்பொங்கலுக்குப் பிறகு பெரியவர் கொழும்பில் இருந்து வருவார், பேசித் தீர்ப்போம் என்றார்கள். இடையில் மூன்று லட்சம் தருவதாகவும் சொன்னார்கள், எழுத்தில் இல்லை. நாட்டில் டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, எல்லாமே பிந்துகிற காலம், இதுவும் பிந்துகிறது என்று இருந்துவிட்டேன். 2022 பங்குனியில் பெட்டிக்கடை ஐயா சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒக்டோபரில் இருந்து விரல் வைத்து எண்ணினார். "ஆறு மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது தெரியுமா பிள்ளை?" என்றார். வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான் அவகாசம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது. அந்தப் பண்டிகைகள் ஒவ்வொன்றும் எதற்காக வந்தன என்று அப்போதுதான் விளங்கியது. கோபத்தில் கை நடுங்கியது. அந்தக் கிழமையே விண்ணப்பம் போனது.

விண்ணப்பிப்பது நினைத்த அளவு கடினமில்லை. சட்டத்தரணி கட்டாயமில்லை; தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரும் உங்களுக்காகப் பேசலாம். அந்த விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சம். சேமலாப நிதி முறைப்பாட்டை இதோடு கலக்காதீர்கள், அது தொழில் திணைக்களத்துக்குத் தனியாகப் போக வேண்டும். வேலை நீக்கம் தனித் தாள், சேமலாப நிதி தனித் தாள். ஐந்து வருடம் முடித்தவராக இருந்தால் பணிக்கொடை இன்னொரு தாள். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியது. இடையில் எனக்குச் சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. அயலில் யாரையாவது பிடித்து வாசிப்பிக்க ஓடாமல், தமிழில் பிரதி தரும்படி தமிழிலேயே பதில் எழுதினேன். வடக்கில் நிருவாக மொழி தமிழ். பிரதி வந்தது, பிந்தித்தான் வந்தது.

விசாரணைகள் தள்ளிப்போயின. எரிபொருள் இல்லை என்று ஒருமுறை, எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை என்று ஒருமுறை. அம்மாவின் இரண்டரைப் பவுண் சங்கிலி அடகுக்குப் போய், வட்டி ஏறி, மீளாமலே ஏலத்தில் போனது. அது போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. மற்ற நட்டங்களைக் கணக்காகச் சொல்ல முடிகிறது, இதை முடியவில்லை. ஏழு பேரில் ஒருத்தி, தங்களைச் சங்கத்தில் சேரச் சொல்லி நான் வற்புறுத்தினேன் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளை விசாரணையில் என் முன்னால் நீட்டினார்கள். அவளுடைய கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும், மாதாமாதம் சம்பளப் பதிவேட்டில் பார்த்தது. பல மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு இன்னொருத்தி சொல்லித்தான் அறிந்தேன், அவளுக்கு மூன்று இடத்தில் கடன், வேலை போனால் அந்தக் கிழமையே வீட்டு வாசலில் ஆள் நிற்கும். ஆய்வுக்காக நூறு வீட்டில் கேட்ட கேள்வியை இந்த வீட்டில் நான் கேட்டிருக்கவில்லை. இப்போது பேசுகிறோம். முன்போல இல்லை.

2023 கடைசியில் சமரசம். நான்கரை லட்சம், இரண்டு தவணையில். கேட்பதற்கு முதலில் சொன்ன மூன்று லட்சத்தை விட அதிகம்தான். ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். 2021 சம்பளத்தை வைத்துக் கணக்கிட்ட நட்டஈட்டை 2023 விலைக்குச் செலவழித்தபோது, அந்தப் பழைய மூன்று லட்சமே எனக்கு அதிகம் வாங்கித் தந்திருக்கும். இழந்த சம்பளம் மட்டும் ஏழரை லட்சத்துக்கு மேல். இழுத்தடிப்பு முதலாளிக்கு இலவசம் மட்டுமல்ல, லாபமும்கூட. நான் படித்த எந்தப் பாடத்திட்டத்திலும் இது இருக்கவில்லை. எனவே பேச்சுவார்த்தையில் உட்காரும்போது தொகையோடு திகதியையும் எழுத்தில் கேளுங்கள், பிந்தினால் வட்டி என்றும் எழுதச் சொல்லுங்கள்.

சேமலாப நிதி முறைப்பாடு நன்றாக முடிந்தது. தொழில் அலுவலர் வந்து பதிவேடுகளைப் பார்த்தார், விடுபட்ட பெயர்கள் சேர்ந்தன, நிலுவை மிகைக்கட்டணத்தோடு தவணை தவணையாகக் கட்டப்படுகிறது. கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரைக்கும் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். என்னை வெளியே அனுப்பிய பிறகுதான் அந்தப் பெண்களுக்கு இலக்கம் கிடைத்தது. அதில் எனக்குச் சந்தோஷம் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது. இரண்டையும் மறைக்க விரும்பவில்லை. சம்பளச் சீட்டுகளை அவர்கள் அடையாள அட்டை உறைக்குள் மடித்து வைத்திருந்தது பெரிய உதவியாக இருந்தது. மை மங்கும் தாள் அது, கிடைத்த அன்றே கைத்தொலைபேசியில் படம் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இப்போது நான் சங்க வேலையை முழுநேரமாகச் செய்கிறேன், கூலி பற்றிய கணக்குகளையும் எடுக்கிறேன். தேசியக் குறைந்தபட்ச வேதனம் 2021 இல் 12,500 ரூபாயாக இருந்தது, 2026 தையில் இருந்து 30,000. இந்த மாற்றம் ஒவ்வொரு தொழிலிடத்திலும் நடந்ததா என்று பார்ப்பதே பெரிய வேலை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஏழு பேரை வைத்துத் தனிச் சங்கம் பதிய அவசரப்பட வேண்டாம் என்பது. ஏற்கனவே பதிவுள்ள, கணக்குச் சுத்தமான ஒரு சங்கத்தின் கிளையாகச் சேருங்கள். தனிச் சங்கம் என்றால் ஒவ்வொரு வருடமும் வரவு செலவு அறிக்கையைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பதிவு ரத்தாகலாம். தேவையான நேரத்தில் சங்கமே இல்லாமல் போகும். ஏற்கனவே உள்ள சங்கத்தில் சேரும் முன், அது கடைசியாக அனுப்பிய அறிக்கையின் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் சந்தாக் காசைக் கொடுக்காதீர்கள்.